ஆள் இருக்கிறார்

அப்புசாமி வீட்டுக்குத் தினமும் போலீஸ் வரும். எங்கள் காலனியில் இதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் பார்ப்பேன். என் தையல் மெஷின் ஜன்னலோரம் இருக்கிறது. அது வெளிச்சத்துக்காக. அந்த ஜன்னல் அப்புசாமி வீட்டு வாசலுக்கு நேராக அமைந்தது காலனி கட்டிய மேஸ்திரி செய்த வேலை. இதில் என் பங்கு எதுவும் இல்லை.

காலை பத்தரைக்கு பைக் வந்து நிற்கும். காவலர் அன்பரசு இறங்கி, கேட்டுக்கு வெளியிலிருந்தே குரல் கொடுப்பார்.

“ஏனுங்க, இருக்கறீங்களா?”

“இருக்கறனுங்க சாமி, வாங்க.”

அன்பரசு உள்ளே போய், முன்சுவர் ஆணியில் தொங்கும் நோட்டை எடுத்துத் தேதியும் நேரமும் போடுவார். குறிப்பு என்ற கட்டத்தில் ‘ஆள் இருக்கிறார்’ என்று எழுதுவார். கையெழுத்துப் போட்டு நிமிர்வதற்குள் அப்புசாமி ஆட்டையாம்பட்டி முறுக்கு டப்பாவைத் திறந்து நீட்டியிருப்பார். “வேண்டாங்க, பல்லு தாங்காது” என்று சொல்லிக்கொண்டே அன்பரசு இரண்டு எடுத்துக்கொள்வார். வெயிலைப் பற்றி ஒரு வாக்கியம். முழங்காலைப் பற்றி ஒரு வாக்கியம். “சரிங்க, வாரேனுங்க.” பைக் போய்விடும். மொத்தம் நாலு நிமிடம். ஒரு ரவிக்கைக்குக் கொக்கி வைத்து முடிக்கும் நேரம். அதன் பிறகு மறுநாள் பத்தரை வரை அந்த வீட்டில் பேச்சுக்குரல் கேட்காது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கனடாவிலிருந்து மகள் மதுமதி ஃபோனில் வருவாள். அதிலும் பாதி நேரம் “அப்பா கேக்குதா, அப்பா கேக்குதா” என்பதிலேயே போய்விடும்.

அந்த நோட்டு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். அப்புசாமி ரிக் வண்டியில் வேலை பார்த்தவர். திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பினால் பத்து மாதம் வடக்கே எங்கெங்கோ ஆழ்துளைக் கிணறு போட்டுவிட்டுத்தான் திரும்புவார். எண்பத்தொன்பதில் பக்கத்துத் தெருவில் ஒரு பித்தளை அண்டா களவு போனது. மனைவி பாவாயி கைக்குழந்தையோடு தனியாக இருக்கிறாள் என்று இவர் ஸ்டேஷனில் ஒரு மனு கொடுத்தார். அப்போதிருந்த ஏட்டையா வந்து ஆணி அடித்து ஒரு நோட்டை மாட்டினார். பட்டா புக் என்று ஸ்டேஷனில் சொல்வார்கள். ரோந்து வந்த காவலர் தான் வந்ததற்கு அத்தாட்சியாக அதில் கையெழுத்துப் போட வேண்டும். மாட்டச் சொல்லி ஓர் உத்தரவு இருந்தது. கழற்றச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. அதனால் அண்டா கிடைக்காமலே போலீஸ் வந்துகொண்டிருந்தது. குழந்தை வளர்ந்து கனடா போனது. ஏழு வருஷத்துக்கு முன்னால் பாவாயி காலமானாள். அன்றைக்கும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு காவலர் வந்து ‘ஆள் இருக்கிறார்’ என்று எழுதிவிட்டுத்தான் போனார்.

நோட்டு தீரத் தீர, அப்புசாமி புதிய நோட்டைப் பழையதன் அடியில் வைத்துச் சாக்கு ஊசியால் தைத்துவிடுவார். முப்பத்தைந்து வருஷத்தில் அது ஒரு தலையணை பருமனுக்கு வந்துவிட்டது.

சென்ற ஆடி மாதம் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒவ்வொரு காவல் நிலையமும் தன் பாரம்பரியத்தையும் நோக்கத்தையும் முப்பது நாட்களுக்குள் கண்டுபிடித்து அறிக்கை அனுப்ப வேண்டும். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அன்பரசின் மனைவி ராசாத்தி என்னிடம்தான் ரவிக்கை தைக்கக் கொடுக்கிறாள். அளவெடுக்கும்போது மனிதர்கள் பேசாமல் இருக்க மாட்டார்கள்.

எங்கள் ஸ்டேஷன் ஒரு பழைய பருத்திக் கிட்டங்கியில் நடக்கிறது. இன்ஸ்பெக்டர் தீர்த்தகிரி இரண்டு நாள் ஆட்களை விட்டுத் தேடினார். ஊதினால் சத்தம் வராத ஒரு விசில் கிடைத்தது. மேச்சேரி ஆட்டைத் திருடியவனிடம் பிடித்த ஒரு நீல நைலான் கயிறு கிடைத்தது. அன்று மாலை டி.எஸ்.பி. குருமூர்த்தி ஃபோனில் வந்தார்.

“அடுத்த ஸ்டேஷன்ல வெள்ளைக்காரன் காலத்து மணி இருக்காம். உம்மகிட்ட என்னய்யா இருக்கு?”

“கயிறு இருக்குங்கய்யா.”

“எந்தக் காலத்துக் கயிறு?”

“ரெண்டாயிரத்துப் பதினொண்ணுங்கய்யா.”

டி.எஸ்.பி. அந்த வருஷத்தை இரண்டு தடவை திருப்பிச் சொன்னாராம். பிறகு, “பாரம்பரியம் இல்லாத ஸ்டேஷன்ல பதவி உயர்வும் இருக்காது” என்று சொல்லி வைத்துவிட்டாராம்.

மறுநாள் காலை அணிவகுப்பில் தீர்த்தகிரி எல்லோர் மேலும் எரிந்து விழுந்தார். அன்பரசிடம், பேனா வாங்கிக் கொடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் எப்படித் தீர்ந்தது என்று கேட்டார். அன்பரசு வெள்ளந்தி. “அப்புசாமி ஊட்டு புக்குக்கே சரியாப் போகுதுங்கய்யா. முப்பத்தஞ்சு வருசமா ஒரு நாள் உடாம எளுதியிருக்குதுங்க. சாக்கு மூட்டையாட்டக் கெடக்குது” என்றார். தீர்த்தகிரி நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டாராம்.

பத்தரைக்கு பைக்குக்குப் பதிலாக ஜீப் வந்தது. காலனியே வாசலுக்கு வந்துவிட்டது. எனக்கு அந்த மாதிரிப் பழக்கம் கிடையாது, நான் ஜன்னலிலேயே இருந்தேன்.

தீர்த்தகிரி புத்தகத்தை இரண்டு கையாலும் வாங்கிப் புரட்டினார். அவர் தர்மபுரிக்காரர். உணர்ச்சிவசப்பட்டால் குரல் உயர்ந்துவிடும்.

“வெள்ளத்துல வந்திருக்கோம். தேர்தல் அன்னிக்கு வந்திருக்கோம். ஊரடங்குல நாடே உள்ள இருந்தப்ப நாம வந்திருக்கோம். எதுக்காக வந்தோம்?”

“அண்டா களவு போச்சுங்க” என்றார் அப்புசாமி.

“கிடைச்சுதா?”

“இல்லீங்க.”

“அதாங்க பெருமை! காரியம் ஆகலைன்னாலும் விடாம வந்திருக்கோம் பாருங்க. வேற எந்தத் துறை வரும்?”

அப்புசாமி முறுக்கு டப்பாவைத் திறந்து நீட்டினார். புத்தகத்தை எடுத்துப்போக அனுமதி கேட்டபோது, “கொண்டு போங்க சாமி. புதுசு எப்பங்க மாட்டுவீங்க?” என்றார்.

“இதுக்கு ஈடா புதுசு வருமா?” என்றார் தீர்த்தகிரி. அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு அப்புசாமி எல்லோருக்கும் இன்னொரு முறுக்குக் கொடுத்தார்.

மறுநாள் பத்தரைக்கு யாரும் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. அப்புசாமி டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டருகே நின்றார். பதினொன்றுக்கு உள்ளே போனார். நாலாம் நாள் தெருமுனை டீக்கடையில் அன்பரசைப் பிடித்துவிட்டார். நான் அங்கே தற்செயலாக நூல் வாங்கப் போயிருந்தேன்.

“ஏனுங்க சாமி, நம்மூட்டுப் பக்கமே காணமே?”

“புக்கு இல்லீங்களே. எதுல எளுதறது?”

“எளுதாட்டிப் போகுது. வந்துட்டுப் போலாமல்லங்க?”

அன்பரசு டீ கிளாஸைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “அது ஆகாதுங்க. புக்கு இல்லாத எடத்துல போயி நின்னா அது ரோந்து இல்லீங்க. சும்மா வந்ததா ஆயிரும். டூட்டி நேரத்துல சும்மா எப்படீங்க வாரது?”

அது நியாயமாகத்தான் பட்டது அப்புசாமிக்கு. எனவே புதிய புத்தகம் கேட்டு ஒரு மனு எழுதிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார்.

தீர்த்தகிரி மரியாதையாக உட்கார வைத்தாராம். “ஒரு வீட்டுக்கு ரெண்டு புக்கு விதியில இல்லீங்க. உங்க புக்கு நடப்புலதானே இருக்கு. இங்க வச்சுத் தினமும் கையெழுத்துப் போட்டுகிட்டுத்தான் இருக்கோம். மரபு அறுந்துடக் கூடாதில்ல?”

“புக்கு இங்க இருக்குதுங்க. நான் அங்க இருக்கறனுங்களே.”

“உங்களுக்கு ஏதாவது ஆபத்து இருக்கா? மிரட்டல்? முன்விரோதம்?”

“அதெல்லாம் இல்லீங்க.”

“அப்பறம் என்ன குறை?”

எட்டு மாநிலத்தில் பாறையைத் துளைத்தவர், இந்த ஒரு கேள்விக்கு ஆழம் தெரியாமல் தடுமாறினார். கடைசியில், “ஆரும் வாரதில்லீங்க” என்றார்.

தீர்த்தகிரியின் முகம் மலர்ந்தது. “யாரும் வர்றதில்லைன்னா பாதுகாப்பா இருக்கீங்கன்னு அர்த்தம்!” மனுவின் ஓரத்தில் அப்படியே எழுதினார்: ‘மனுதாரர் வீட்டுக்கு யாரும் வருவதில்லை என அவரே தெரிவிக்கிறார். எனவே ரோந்து தேவையில்லை. மனு முடித்து வைக்கப்படுகிறது.’

அடுத்த வாரம் இரண்டு பேர் அளவு நாடாவோடு வந்தார்கள். புத்தகத்தை ஸ்டேஷனில், அது வளர்ந்த சூழலிலேயே காட்சிக்கு வைக்க வேண்டும் என்று குருமூர்த்தி சொல்லிவிட்டாராம். அப்புசாமியின் முன்சுவரை அளந்தார்கள். பச்சை டிஸ்டெம்பரைச் சுரண்டி ஒரு பொட்டலத்தில் எடுத்துக்கொண்டார்கள். மாதக் காலண்டரைக் கழற்றினார்கள். ஆணியைப் பிடுங்கினார்கள். வாசலில் இருந்த இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்றை, “இது அசல்தானுங்களே?” என்று கேட்டுவிட்டுத் தூக்கிப் போனார்கள். அது பாவாயி உட்கார்ந்த நாற்காலி. அப்புசாமி வாயைத் திறப்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. அன்று முழுக்க அவர் ஆணி இருந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டு மிச்சமிருந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எனக்கு அன்று அவசர வேலை, கல்யாணத்துக்கு ஏழு ரவிக்கை.

கிட்டங்கியின் பின்னறையில், பிடிபட்ட பைக்குகள் நின்ற இடத்தில், காவல் மரபுக் கூடம் திறக்கப்பட்டது. வாசலில் பெரிய பலகை. நமது நோக்கம்: இடைவிடாது வருவோம். அப்புசாமியை முன்வரிசையில் உட்கார வைத்துக் கழுத்தில் ஒரு துண்டு போட்டார்கள். ஊரில் பாதிப்பேர் போயிருந்தார்கள், நானும் போனேன்.

குருமூர்த்தி பேசினார். “இந்தப் புத்தகத்திலே பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு காவலர் தன் இருப்பை நிரூபித்த தருணம். அந்த வீட்டில் யார் இருந்தார்கள், அவர்களுக்கு என்ன ஆனது என்பதெல்லாம் சிறிய விஷயங்கள். நாம் சென்றோமா இல்லையா என்பதே கேள்வி. சென்றோம்! இனி அந்த வீட்டுக்குச் செல்ல வேண்டிய அவசியமே இல்லாத உயரத்துக்கு இந்த மரபை உயர்த்தியிருக்கிறோம்.” கைதட்டினார்கள். துண்டு போர்த்திய அப்புசாமியும் தட்டினார்.

உள்ளே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அப்புசாமி வீட்டு வாசல் அப்படியே இருந்தது. அதே பச்சைச் சுவர், அதே காலண்டர், அதே ஆணி, அதில் அந்தப் புத்தகம். பாவாயியின் நாற்காலியில், துணிக்கடையிலிருந்து கேட்டு வாங்கிய ஓர் ஆண் பொம்மையை வேட்டி கட்டி உட்கார வைத்திருந்தார்கள். கீழே ‘பொதுமக்கள்’ என்று எழுதியிருந்தது. பொம்மைக்கு முப்பது வயதிருக்கும். நல்ல மீசை.

பத்தரை ஆனதும் அன்பரசு விறைப்பாக நடந்து வந்தார். மரபு வழுவாமல் இருக்க, என்ன பேச வேண்டும் என்றுகூட எழுதிக் கொடுத்திருந்தார்கள். பொம்மையின் முன்னால் நின்று உரத்துக் கேட்டார்:

“ஏனுங்க, இருக்கறீங்களா?”

“இருக்கறனுங்க சாமி” என்றார் அப்புசாமி, கூட்டத்துக்குள்ளிருந்து.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தீர்த்தகிரி குனிந்து அவர் காதில், “பார்வையாளர்கள் பதில் சொல்லக் கூடாதுங்க” என்றார். அன்பரசு புத்தகத்தை எடுத்து ‘ஆள் இருக்கிறார்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். குருமூர்த்தி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதன் பிறகு அப்புசாமி தினமும் பத்து மணி டவுன் பஸ்ஸில் போக ஆரம்பித்தார். மரபுக் கூடத்துக்கு வந்த ஒரே பார்வையாளர் அவர்தான். தடுப்புக்கு வெளியே நிற்பார். அன்பரசு பொம்மையிடம் கேட்டதும் இவர் பதிலுக்கு உதட்டை மட்டும் அசைப்பாராம், சத்தம் வராமல். முடிந்ததும் பார்வையாளர் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவார். முறுக்கு டப்பாவை நீட்டுவார். கூடத்துக்குள் தின்பண்டத்துக்கு அனுமதியில்லை என்பதால் அன்பரசு வேண்டாமென்று தலையாட்டுவார். முழங்காலைப் பற்றிப் பேச நேரமிருக்காது, பதினொன்று ஐந்துக்குத் திரும்பும் பஸ்.

தை மாதக் கணக்கெடுப்பில் மேலிடம் அசந்துபோனது. தொண்ணூற்றிரண்டு நாட்களில் தொண்ணூற்றிரண்டு பார்வையாளர்கள். அடுத்த ஸ்டேஷனின் வெள்ளைக்காரன் காலத்து மணியைப் பார்க்க வந்தவர்கள் மொத்தம் நாலு பேர். ‘பொதுமக்களின் இடைவிடாத ஆர்வம்’ என்று குருமூர்த்திக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. உடனே அவர் இன்னோர் உத்தரவு போட்டார்: இனி பார்வையாளர் பதிவேட்டிலும் ஒருநாள்கூட வெற்றிடம் விழக்கூடாது. அதுவும் மரபு.

மாசியில் ஒரு நாள் அப்புசாமி பஸ்ஸுக்குப் போகவில்லை. கதவு பாதி திறந்தபடி கிடந்தது. உடம்பு சரியில்லையோ என்று நினைத்தேன். நினைத்துவிட்டு ரவிக்கைக்குக் கை வெட்டும் வேலையைப் பார்த்தேன். பன்னிரண்டு மணி வாக்கில் பைக் சத்தம் கேட்டது.

“ஏனுங்க, இருக்கறீங்களா?”

உள்ளேயிருந்து இருமலோடு வந்தது பதில். “இருக்கறனுங்க சாமி... வாங்க, வாங்க.”

அன்பரசு கக்கத்தில் பார்வையாளர் பதிவேடு. காய்ச்சலில் நடுங்கிக்கொண்டே அப்புசாமி கையெழுத்துப் போட்டார். அன்பரசு நாற்காலியில் உட்கார்ந்தார், அப்புசாமி கட்டிலில். கஷாயம் வைத்துத் தரட்டுமா என்று அன்பரசு கேட்டது எனக்கே கேட்டது. முறுக்கு தின்றார். நாலு நிமிடமல்ல, இருபத்திரண்டு நிமிடம்.

இப்போது அப்புசாமிக்கு வழி தெரிந்துவிட்டது. அவர் போகாவிட்டால் அவர்கள் வருவார்கள். காய்ச்சல் விட்ட மறுநாள் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்தார். பத்து மணி பஸ் போனது. இரண்டு டம்ளர் கழுவி வைத்திருந்தார். பதினொன்று. பதினொன்றரை. பன்னிரண்டு. நான் தையலை நிறுத்திவிட்டேன், நூல் அறுந்துபோயிருந்தது. பன்னிரண்டு இருபது பஸ்ஸுக்கு அவரே கிளம்பிப் போனார்.

அங்கே நடந்ததை ராசாத்தி சொன்னாள். அப்புசாமி பதிவேட்டைத் திறந்தபோது அன்றைய தேதியில் அவர் பெயர் இருந்தது. அவர் கையெழுத்தும் இருந்தது. குறிப்பில் ‘மிகச் சிறப்பு’ என்று எழுதியிருந்தது.

அன்பரசு தலை குனிந்துகொண்டாராம். “ஐயா சொல்லிப்போட்டாருங்க. தெனமும் பெட்ரோல் போட்டுக்கிட்டு ஊட்டுக்குப் போக முடியுமான்னு. உங்க கையெழுத்து எனக்குப் பழக்கந்தானுங்களே...”

அப்புசாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார். “நல்லாத்தான் போட்டிருக்கறீங்க” என்றார். பிறகு பேனா வாங்கி அடுத்த வரியில் ஏதோ எழுதிவிட்டுப் போய்விட்டாராம். என்ன எழுதினார் என்று ராசாத்திக்குத் தெரியவில்லை.

கேள்விப்பட்டதைச் சரிபார்க்காமல் சொல்கிற ஆள் நானில்லை. மறுநாள் காலையில் நானே போனேன். நான் கிளம்பியபோது அப்புசாமி வாசலில் உட்கார்ந்திருந்தார், பஸ்ஸுக்குப் போகிற சட்டை போடாமல். கூடத்தில் யாருமில்லை. பதிவேட்டைப் புரட்டினேன். நேரம் 12.40. குறிப்பில், நடுங்குகிற எழுத்தில் ‘ஆள் இருக்கிறார்.’

“டெய்லரக்கா, நல்ல நேரத்துக்கு வந்தீங்க” என்றார் அன்பரசு. “இன்னிக்குப் பேரு போட ஆளில்லீங்க. நீங்க போட்டுருங்க.”

போட்டேன். முகவரி என்ற இடத்தில் ‘அப்புசாமிக்கு எதிர் வீடு’ என்று எழுதினேன்.

அன்பரசு அதைப் படித்தார். “அவரு எப்படீங்க இருக்கறாரு?”

“இருக்கறாருங்க.”

“போயிப் பாத்தீங்களா?”

“ஜன்னல்ல பாத்தனுங்க” என்றேன். பதினெட்டு வருஷமாக நான் செய்துவரும் வேலைதான். சொல்லும்போது அது எப்படியோ இருந்தது.

பதினொன்று ஐந்து பஸ்ஸில் திரும்பினேன். எங்கள் தெருவில் இறங்கினால் இடப்பக்கம் என் வீடு, வலப்பக்கம் அவர் வீடு. கேட்டுக்கு வெளியே நின்றேன். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல், தெரிந்ததையே சொன்னேன்.

“ஏனுங்க, இருக்கறீங்களா?”

“இருக்கறனுங்க சாமி, வாங்க!” குரல் ஓடி வந்தது. பின்னாலேயே அவரும் வந்தார். என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் ரோட்டைப் பார்த்தார். பைக் இல்லை.

“என்னங்க வேணும்?” என்றார்.

காரணம் இல்லாமல் அந்த வாசலுக்கு முப்பத்தைந்து வருஷமாக யாரும் வந்ததில்லை. ஊரிலுள்ள எல்லா விஷயத்துக்கும் காரணம் வைத்திருக்கிற எனக்கும் அந்த நேரத்தில் ஒன்று அகப்படவில்லை.

“ஒண்ணுமில்லீங்க. சும்மா வந்தேன்.”

அவர் கேட்டைத் திறந்து விட்டார். பிறகு உள்ளே போய் முறுக்கு டப்பாவை எடுத்துவந்து திறந்தார். காலி. மூடினார். “உக்காருங்க” என்றார். வாசலில் ஒரு நாற்காலிதான் இருந்தது. இன்னொன்றில் பொம்மை உட்கார்ந்திருக்கிறது. அவரை நிற்க வைத்து நான் உட்காரவா? நான் உட்காராமல் அவரும் உட்காரமாட்டார்.

இரண்டு பேரும் நின்றுகொண்டே பேசினோம். வெயிலைப் பற்றி ஒரு வாக்கியம். முழங்காலைப் பற்றி ஒரு வாக்கியம்.